திறக்க மறுத்த பக்கம்

அத்தியாயம் 5

“பெட்டி கெட்டுப்போச்சு” என்று அந்த வீட்டு அண்ணன் மூன்றாவது தடவையாகச் சொன்னார். கெட்டுப்போன எதுவும் இவ்வளவு சுறுசுறுப்பாகப் பச்சை விளக்கைச் சிமிட்டி நான் பார்த்ததில்லை.

ஹாலின் மூலையில், செருப்பு அலமாரிக்கு மேல், கறுப்பாக உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டி. நாஸ் என்பார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு கிடங்கு. போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் அதன் வயிற்றில் கிடக்கும். வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். காணாமல் போன ஒரு கிழவரைத் தேட வந்தவர்கள் ஒரு பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

வந்தவர்கள் என்றால் மேடமும் நானும். மேடம் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு விசாரித்தவர். எரிந்துபோன கடையின் முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத முதலாளியிடம், “சுவத்துல மாட்டியிருந்த குடும்ப போட்டோவை மட்டும் முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களே, அது எப்படி?” என்று கேட்டவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். குண்டூசி என்பார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர். வாயைக் கேட்ட பிறகு யாரும் மாற்ற முன்வரவில்லை. கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றால் மேடம் என்னை முன்னால் தள்ளிவிட்டு, தான் உட்கார நாற்காலி தேடுவார்.

எங்களைக் கூட்டி வந்தவள் அவருடைய தங்கை. வெளிநாட்டிலிருந்து இறங்கின கையோடு, பயணப் பெட்டியைக்கூட இறக்காமல் எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டாள். அவளுடைய அப்பாவுக்கு ஞாபகம் கலைந்துபோய் இரண்டு வருஷமாகிறது. இந்த வீட்டில், அண்ணனின் பொறுப்பில் இருந்தார். முந்தாநாள் காலையில் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே நடந்து போய்விட்டார் என்று அண்ணன் போலீசில் சொல்லியிருந்தார். போலீசும் அதை நம்பி, தள்ளாடுகிற ஒரு கிழவர் இரண்டு நாளில் எவ்வளவு தூரம் போவாரோ அந்த வட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தது. பூங்கா, கால்வாய், ரயில் பாதை ஓரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

“இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவர். அது இல்லாம ரொம்ப நாள் தாங்க மாட்டார்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்று காரில் வரும்போதே தங்கை அழுதாள். “அண்ணன் ஏதோ பண்ணிட்டான் மேடம். எனக்கு அப்பா உயிரோட வேணும்.”

எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எங்கே போனார் என்பதைவிட, எப்போதிலிருந்து இல்லை என்பதைத்தான் மேடம் முதலில் தெரிந்துகொள்ள நினைத்தார். “தேதி தப்புன்னா தேடற இடமும் தப்பு” என்றார்.

பெரியவரின் அறையை முதலில் பார்த்தோம். ஒற்றைக் கட்டில், அதன்மேல் ரப்பர் விரிப்பு. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மூலையில் கழிப்பறை நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கூரையோரம் ஒரு சின்னக் கேமரா. வேறு ஒரு சாமானும் இல்லை. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. நாய்க்கூண்டுக்குக்கூட இப்போதெல்லாம் நல்ல டிசைனில் தாழ்ப்பாள் போடுகிறார்கள்.

“அப்பாவைக் கடைசியா எப்போ பாத்தீங்க?” என்று மேடம் தங்கையைக் கேட்டார்.

“காணாமப் போறதுக்கு முந்தின ராத்திரி. வீடியோவுல. தூங்கறதுக்கு முன்னாடி தினமும் பாத்துட்டுத்தான் படுப்பேன் மேடம். போன்ல பேசினா என்னையே யாருன்னு கேக்கறார், தாங்க முடியல. அதான் கேமராவுல பதிவாகறதை அனுப்புன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன்.”

“அன்னைக்கு என்ன பண்ணிட்டிருந்தார்?”

“வழக்கம் போலத்தான். சாப்பிட்டார், உக்காந்து டிவி பாத்தார். நல்லாத்தான் இருந்தார்!”

மேடம் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ம்” என்றார்.

ஒரு நாள் முழுக்கப் பதிவான வீடியோ யானை கனம் கனக்கும். அதை மெயிலில் கட்டி அனுப்ப முடியாது. அதனால் அண்ணன் டோரண்ட் வழியைப் பிடித்திருந்தார். பெரிய ஃபைலைத் துணுக்குத் துணுக்காக வெட்டி வைப்பது. அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கக் கேட்க ஒவ்வொரு துணுக்காக அனுப்புவது. லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. அந்த வேலையைச் செய்கிற புரோகிராம் நாஸ் பெட்டிக்குள் ஓடும். அதற்குத் தனியாக ஒரு வெப் பக்கம் உண்டு. எந்த ஃபைல், எந்தத் தேதி, எவ்வளவு கனம், எல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரே பார்வையில் தெரியும். அந்தப் பக்கம்தான் திறக்கவில்லை.

“ரெண்டு நாளா இப்படித்தான். விட்டுத் தள்ளுங்க” என்றார் அண்ணன். “கடைசி வீடியோவைப் போலீசுக்கே பென் டிரைவ்ல குடுத்துட்டேன். மேடமும் பாத்தாச்சு.”

“பாத்தேன்” என்றார் மேடம். “இருந்தாலும் குண்டூசிக்குப் பொழுது போகணுமே.”

“நேரம்தான் மேடம் வீணாகுது” என்றாள் தங்கை. “அந்தப் பெட்டியை நோண்டி என்ன ஆகப்போகுது? இவனைப் புடிச்சு நாலு கேள்வி கேளுங்க.”

நான் லேப்டாப்பைத் திறந்து, நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஒயரை எடுக்கப் போனேன். அண்ணன் பாய்ந்து வந்து தடுத்தார். அந்த ஒயருக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. எல்லா ஒயருக்கும் ஒட்டியிருந்தது. சுவரில் ஒரு கத்தரிக்கோல், அதற்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு மேல் ‘கத்தரிக்கோல்’ என்று ஒரு சீட்டு. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு ஒழுங்கைப் பார்க்க முடியாது.

“கம்பெனியில டேட்டா சேமிப்பு என் பொறுப்பு” என்றார் பெருமையாக. “எதுவும் ஒண்ணுதான் இருக்கணும், அதுக்கு ஒரு இடம்தான் இருக்கணும். ஒரே ஃபைலை ரெண்டு தடவை சேமிச்சு வெச்சிருக்கறவனைப் பாத்தா எனக்குக் கை அரிக்கும்.”

“அப்பாவும் ஒண்ணுதானே சார் இருந்தார். அவருக்குச் சீட்டு ஒட்ட மறந்துட்டீங்களே.”

“குண்டூசி” என்றார் மேடம். நான் வாயை மூடிக்கொண்டு விரலைத் திறந்தேன்.

முதலில் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பெட்டியின் தலைவாசல் பக்கம் உடனே திறந்தது. மேடம் முறைத்த முறைப்பில் அண்ணன் பாஸ்வேர்டைச் சொன்னார். உள்ளே வீடியோக்கள் வரிசையாகக் கிடந்தன. டோரண்ட் பக்கத்தின் முகவரியை அடித்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது.

“செத்துப்போச்சா?” என்றார் மேடம்.

“செத்திருந்தா பதிலே வராது மேடம். இது வீட்டுக்குள்ள ஆள் இருந்துக்கிட்டே கதவைத் திறக்காத கேஸ்.”

புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். அதே மறுப்பு. போர்ட் என்கிற கதவு எண் மாறியிருக்குமோ என்று பார்த்தேன், மாறவில்லை. ஃபயர்வால் என்கிற காவல் சுவர் ஏதும் குறுக்கே நிற்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பக்கத்தில் நின்ற அண்ணனின் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி படர்ந்தது. தங்கையும் பெருமூச்சு விட்டாள். ‘சரி, கிளம்பலாம்’ என்கிற மாதிரியான பெருமூச்சு. அது ஏன் அப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கடைசியாகப் புரோகிராமின் அமைப்பு ஃபைலைத் திறந்தேன். யாருக்கெல்லாம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். வழக்கமாக ‘எல்லாருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். இங்கே ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னடா?”

“மேடம், இந்த எண்ணுக்கு அர்த்தம் ‘நான் மட்டும்’. அதாவது இந்தப் பக்கத்தை இந்தப் பெட்டி மட்டும்தான் பாக்கலாம். மனுஷங்க யாருக்கும் காட்டக் கூடாது. தானே கேட்டுக்கிட்டு தானே பதில் சொல்லிக்கும்.”

“அது தானா இப்படி மாறுமா?”

“மழை பேஞ்சா சுவர் இடிஞ்சு விழும் மேடம். தாழ்ப்பாள் தானா போட்டுக்காது. இது கையால அடிச்சது. நேத்து மாத்தினதா ஃபைல் தேதியே சொல்லுது.”

மேடம் தங்கையைப் பார்த்தார். “துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு அண்ணன்கிட்ட எப்போ சொன்னீங்க?”

“நேத்து, விமானம் ஏறும்போது.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “பாதுகாப்புக்காக மாத்தினேன். வெளியாள் யாராவது நுழைஞ்சிடக் கூடாதில்ல?”

“கெட்டுப்போச்சுன்னீங்க?”

“மாத்தினதுல கெட்டுப்போச்சு.”

மடியில் கனம் இருப்பவனுக்கு வழியெல்லாம் பயம். வரியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டேன். பக்கம் வந்தது, வந்து பாஸ்வேர்ட் கேட்டது. அண்ணனுக்கு அது மறந்துபோய்விட்டதாம். ஞாபகம் போவது குடும்ப வியாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், சத்தமாகவும் சொல்லிவிட்டேன். பழைய பாஸ்வேர்டை அழித்து, தற்காலிகமாக ஒன்று வாங்கி உள்ளே போனேன்.

பட்டியல் விரிந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு நாள். பெயராக அந்த நாளின் தேதி, பக்கத்தில் கனம். வலது பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் என் சின்னத் திரைக்கு அடங்காமல் வெளியே போயிருந்தன. ஆறு மாதத்து வீடியோக்கள் இருந்தன. கடைசித் தேதி, பெரியவர் காணாமல் போனதற்கு முந்தின நாள். அண்ணன் சொன்ன கணக்கு அச்சுப் பிசகாமல் நின்றது.

“பாத்தீங்களா?” என்றார் அண்ணன். “எல்லா நாளும் இருக்கு.”

நான் கனம் எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி மூன்று வாரத்துக்கு வந்ததும் ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது. எல்லா நாளும் ஒரே கனம், கடைசி இலக்கம் வரைக்கும்.

“மேடம், தராசுல தினமும் ஏறி நிக்கற ஆளுக்கே இவ்வளவு கச்சிதமா எடை வராது.”

“கேமராவுல அளவைக் கட்டிப்போட்டுட்டேன்” என்று அண்ணன் பட்டென்று சொன்னார். “இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு. தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேளுங்க.”

கேமராவில் அப்படியும் செய்யலாம்தான். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் அசட்டுச் சிரிப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தச் சிரிப்பை இதற்கு முன்னால் மூன்று பேர் நம்பியிருக்கிறார்கள். மூன்று பேரும் இப்போது உள்ளே இருக்கிறார்கள்.

“எனக்கு இதெல்லாம் விளங்காது தம்பி. பெட்டி ஏன் கெட்டுச்சு, அதைச் சொல்லு. இடம் ரொம்பிடுச்சோ?”

“இருக்கலாம் மேடம்” என்றேன், ஒத்து ஊதி.

“அப்போ இந்த மூணு வாரத்து வீடியோவுல பாதியை அழிச்சிடு. நிறைய இடம் கிடைக்குமே.”

அண்ணன் சிரித்துவிட்டார். விவரம் தெரிந்தவன் விவரம் தெரியாத பெண்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “இல்ல மேடம். அதுல எத்தனை அழிச்சாலும் துளி இடம்கூட மிச்சமாகாது. ஒண்ணு…”

நின்றுவிட்டார்.

“சொல்லுங்க” என்றார் மேடம். சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார். “யானை கனம் கனக்கற ஃபைல். அதுல பாதியை அழிச்சா ஏன் இடம் மிச்சமாகாது?”

நான் அதற்குள் பார்த்துவிட்டேன். “ஏன்னா அதெல்லாம் தனித்தனி ஃபைலே இல்ல மேடம். ஒரு ஃபைல்தான் இருக்கு. அதுக்கு மூணு வாரத்துத் தேதியையும் பேரா வெச்சிருக்கார். ஒரே வீட்டுக்கு இருபது வாசல் வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதவு எண் எழுதின மாதிரி. எந்த வாசல்ல நுழைஞ்சாலும் அதே அறை, அதே கட்டில், அதே அப்பா.”

ஊரை ஏமாற்றுகிறவன் சாதாரணமாக என்ன செய்வான்? பழைய வீடியோவை இருபது பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் முன்னே பின்னே கொஞ்சம் நறுக்கிவிடுவான். கனம் மாறும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இந்த மனிதருக்கு ஒரே ஃபைலை இரண்டு தடவை சேமித்தால் கை அரிக்கும். அப்பாவைத் தொலைத்தபோது அரிக்காத கை.

“அப்போ அவர் முந்தாநாள் போகல” என்றார் மேடம். “மூணு வாரம் முன்னாடியே இந்த வீட்டுல இல்ல. போலீஸ் இன்னைக்கும் கால்வாயில ஆள் இறக்கிட்டிருக்கு. எங்க அவர்?”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். “கொன்னுட்டியா? பாவி, கொன்னுட்டியா?”

“கொல்லல” என்றான் அண்ணன். இதற்கு மேல் அவனுக்கு மரியாதை கொடுக்க என்னால் முடியாது. சோபாவில் உட்கார்ந்து, கலைந்திருந்த மெத்தையுறையை நேராக்கிக்கொண்டே சொன்னான். “ராத்திரியெல்லாம் கதவைத் தட்டிக்கிட்டே இருப்பார். என் பொண்டாட்டி குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவர் இருக்கற வரைக்கும் வரமாட்டேன்னுட்டா. நான் ஒருத்தன் என்ன பண்றது? வண்டியில வெச்சு நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டுப் போனேன். அங்க ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. வாசல்ல பெஞ்சுல உக்கார வெச்சேன். மாத்திரைப் பையைக் கையில குடுத்தேன்.”

“அடையாள அட்டை?”

“எடுத்துட்டேன்.”

“போன் நம்பர் எழுதின சீட்டு எப்பவும் பையில இருக்கும்னு உங்க தங்கச்சி சொன்னாங்க.”

“அதையும்தான்.”

மாத்திரை கொடுத்ததை ஒரு புண்ணியமாகவே சொன்னான். பக்கத்தில் இருந்த பூச்சாடியை எடுத்து அவன் தலையில் போடலாமா என்று யோசித்தேன். அதற்கும் சீட்டு ஒட்டியிருந்தது.

“அப்புறம்?”

“தினமும் வீடியோ வராம நின்னா இவ கேப்பாளே. அதான் பழசையே அனுப்பினேன். திடீர்னு லீவு கிடைச்சிருக்கு, வர்றேன்னா. வேற வழியில்லாம முந்தாநாள் காணோம்னு எழுதிக் குடுத்தேன்.”

தங்கை எழுந்து போய் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். “நீயெல்லாம் மனுஷனா? பெத்த அப்பாவைக் குப்பை மாதிரி கொண்டுபோய்ப் போட்டுட்டு, என்னையும் ஏமாத்தியிருக்கே! ராத்திரி ராத்திரி அதைப் பாத்துட்டு, அப்பா நல்லா இருக்கார்னு நிம்மதியாத் தூங்கினேனே!”

அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

“பாத்தியா நீ? தினமும் பாத்தியா?” எழுந்து வந்து என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். பட்டியலை வலது பக்கம் தள்ளினான். திரைக்கு வெளியே இருந்த கட்டங்கள் உள்ளே வந்தன. “குண்டூசி, இந்தக் கட்டம் என்னன்னு எல்லாருக்கும் சொல்லு.”

பார்த்தேன். எங்கேயும் அடங்காத வாய் அங்கே அடங்கிவிட்டது.

“சொல்லுடா” என்றார் மேடம்.

“இந்தப் பெட்டியிலேருந்து எவ்வளவு வெளிய போயிருக்குங்கற கணக்கு மேடம். அந்தப் பக்கம் இருக்கறவங்க ஒரு துணுக்கு எடுத்தாக்கூட இங்க ஏறும்.”

“எவ்வளவு ஏறியிருக்கு?”

“பூஜ்யம்.”

“எந்த நாளுக்கு?”

நான் மேலே தள்ளினேன். மூன்று வாரம் தாண்டி, போன மாதம் தாண்டி, பெரியவர் நிஜமாகவே இந்த வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் தாண்டி, முதல் வீடியோ வரைக்கும் போனேன். “எல்லா நாளுக்கும் மேடம். ஆறு மாசமா ஒரு துணுக்குகூட வெளிய போகல. இதைக் கேட்டு வாங்க வேண்டிய ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான். அவங்க கேக்கவே இல்ல.”

“மொத நாள் பழைய வீடியோவுக்குப் புதுத் தேதி போட்டப்ப எனக்குக் கை நடுங்கிச்சு” என்றான் அண்ணன், தங்கையைப் பார்த்து. “இப்போ போன் பண்ணுவா, நேத்துப் போட்ட சட்டையே இன்னைக்கும் போட்டிருக்காரேன்னு கேப்பான்னு உக்காந்திருந்தேன். மறுநாள் காலையில நீ ஒரு ஹார்ட் அனுப்பினே. ‘அப்பா ஸோ க்யூட்’டுன்னு எழுதினே. அன்னைக்கு வந்து இந்தக் கட்டத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குக் கை நடுங்கவே இல்ல.”

தங்கையின் முகத்தில் இருந்த கோபம் வடிந்து, அதற்குக் கீழே இருந்தது தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

“அந்த அறையில டிவி இல்லம்மா” என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. “வைக்க இடம்கூட இல்ல. போலீஸ்கிட்ட இருக்கற வீடியோவை நான் பாத்தேன். அவர் நாள் முழுக்க ஒரு துண்டை மடிச்சு மடிச்சுப் பிரிக்கறார். ஒரு நாள் பாத்திருந்தா நீங்க சொல்லியிருக்கற மொத வார்த்தை அதுதான். மறுநாளும் பாத்திருந்தா, மூணு வாரம் முன்னாடியே உங்க அப்பா கிடைச்சிருப்பார். இந்தப் பக்கம் திறக்கவே கூடாதுன்னு இந்த வீட்டுல ரெண்டு பேர் வேண்டிக்கிட்டு நின்னீங்க. நான் ஒருத்தர்தான்னு நினைச்சேன்.”

“பாத்தா தூக்கம் வராது மேடம்” என்றாள் தங்கை. உதடு கோணிக்கொண்டது. “நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு… அவன் அனுப்பறான்ங்கறதே போதும்னு இருந்துச்சு.”

எங்கள் வழக்கின் ஒரே சாட்சி அவள்தான். ‘முந்தின ராத்திரி வரைக்கும் கண்ணால் பார்த்தேன்’ என்று அவள் போலீசுக்குப் போனில் சொன்னதால்தான் அண்ணனின் பொய் நிமிர்ந்து நின்றது. அவனைப் பிடித்துத் தர வந்தவள், தெரியாமலே அவனுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என்பார்கள். இங்கே இரண்டு ஓநாய், ஆடு எங்கே நனைகிறது என்று இரண்டுக்கும் தெரியாது.

மேடம் இன்ஸ்பெக்டருக்கு நாலு வரி தட்டிவிட்டு, அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பொது நம்பர், அங்கிருந்து விசாரணை, அங்கிருந்து வார்டு என்று கை மாறி மாறிப் போயிற்று. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் ஒரு நர்ஸ் எடுத்தார். மேடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு விவரம் சொன்னார்.

“பேர் தெரியாத தாத்தாவா? வாசல் பெஞ்சுல இருந்தவர்தானே? இருக்காரே!”

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்து விசும்பினாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

“எப்படி இருக்கார்?”

“மாத்திரை குடுக்கறோம், சாப்பிடறார். ஒரே ஒரு தொந்தரவுதான். வாசல் பக்கத்துக் கட்டில்லேருந்து அவரை மாத்த முடியல. உள்ள போகச் சொன்னா கத்தறார். பையன் வண்டியை நிறுத்திட்டு வரப் போயிருக்கான், நான் இங்க இல்லன்னா தேடுவான்ங்கறார். மூணு வாரமா இதேதான். யாராவது வார்டுக்குள்ள நுழைஞ்சாப் போதும், எழுந்து உக்காந்துக்குவார்.”

மேடம் அண்ணனைப் பார்த்தார். அவன் மெத்தையுறையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, யார் வந்து கூட்டிட்டுப் போறீங்க?” என்றார் நர்ஸ். “எழுதிக்கணும்.”

தரையில் உட்கார்ந்திருந்த தங்கையின் விசும்பல் நின்றுவிட்டது. அண்ணன் அவளைப் பார்த்தான்.

“நீதானே உயிரோட வேணும்னு கூட்டிட்டு வந்தே. நீயே கூட்டிட்டுப் போ.”

“நானா? நான் எப்படி? அங்க எனக்கு ஒரே ரூம். காலையில போனா ராத்திரிதான் வருவேன். ஞாயித்துக்கிழமை ரிட்டர்ன் டிக்கெட்.”

“இங்க வந்தா என் பொண்டாட்டி திரும்பி வரமாட்டா.”

தங்கை எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். மெதுவாக அண்ணன் பக்கத்தில் போய் சோபாவில் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. காலையிலிருந்து ‘அவன்’, ‘பாவி’ என்று கரித்துக் கொட்டியவள் முதல் தடவையாக முறை வைத்துக் கூப்பிட்டாள்.

“அங்க நல்லாத்தானே பாத்துக்கறாங்கண்ணா?”

அவன் தலையாட்டினான். இருவரும் அக்கம்பக்கமாக, ஒரு வயிற்றில் பிறந்தது தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ வீட்டில் சொத்துக்குச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். இது வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்கிற சண்டை. அதிலும் சமாதானமாகிவிட்டார்கள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?” என்றார் நர்ஸ். “இருங்க, அவர் யாரு யாருன்னு கேக்கறார். அவர்கிட்டயே குடுக்கறேன்.”

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒரு மூச்சு, அதற்குப் பின்னால் ஒரு குரல்.

“தம்பியா?”

மேடம் போனை அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினார். கை துளி ஆடவில்லை. தங்கை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“என்னப்பா, எடம் கெடைச்சுதா?”

அவன் உதட்டைத் திறந்தான், மூடினான். அழப்போகிறான் என்று நினைத்தேன். மூன்று வாரமாகத் தினமும் ஒரு பொய்யை அனுப்பிப் பழகிய வாய், இன்னும் ஒன்றை அனுப்பியது.

“இல்லப்பா. இன்னும் தேடிட்டுதான் இருக்கேன்.”

“சரி சரி. அவசரப்பட்டு எங்கயாவது இடிச்சிடாதே. மெதுவா வா. நான் இங்கயேதான் இருக்கேன்.”